பன்னிரண்டு

நிவாவின் அடியில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறேன்.
அக்டோபர் ஈரம் அட்டையைத் தாண்டி
முதுகுக்கு வந்துவிட்டது.
கண்ணுக்கு நேரே, பின் அச்சின் நடுவில்,
பூசணிக்காய்ப் பருமனில் டிஃபரன்ஷியல்.
உஷ்குலிப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும்
ஒரு வாரமாக முனகுகிறது,
பல்வலிக்காரர் தூக்கத்தில் முனகுவதுபோல.

இரண்டு மூடிகள்.
ஊற்றும் மூடிக்குப் பதினேழு. அந்த ஸ்பானர் இருக்கிறது.
முதலில் அதைத்தான் திறக்க வேண்டும்.
ஊற்றும் வழி திறக்குமா என்று பாராமல்
வடிக்கும் வழியைத் திறந்தவர்
வற்றிய வண்டியோடு மலையில் உட்கார்ந்திருப்பார்.
போன வருடம் உட்கார்ந்தவள் நான்.

வடிக்கும் மூடிக்கு வெளியே தலை கிடையாது.
உள்ளே ஆறுபக்கப் பள்ளம்.
சேற்றை ஆணியால் தோண்டி அளந்தேன்.
பன்னிரண்டு.

பெட்டியைக் கவிழ்த்தேன்.
பத்து, உள்ளே போய்ச் சும்மா சுற்றுகிறது.
பதினான்கு, வாசலிலேயே நிற்கிறது.
மெஸ்தியாவின் ஒரே உதிரிபாகக் கடையில்
"செவ்வாய்க்கிழமை ஸுக்திதியிலிருந்து வரும்" என்றாள் ஸிஸினோ.
எந்தச் செவ்வாய் என்றேன்.
வானத்தைப் பார்த்தாள்.
வானொலி வியாழக்கிழமையே பனி என்கிறது.

போல்ட்டின் தலையைப் பள்ளத்தில் நுழைத்து
கழுத்தில் நட்டைப் பற்றவைத்தால் அதுவே சாவி.
சரி, போல்ட்டு?
கதவில், கட்டிலில், மாட்டுக் கொட்டிலில்
எல்லா எட்டு மில்லி போல்ட்டுக்கும்
தலை பதிமூன்று.
ஒரு மில்லிமீட்டர், ஒரு நகத்தின் கனம்.
அரம் எடுத்து ராவினேன்.
அறுகோணம் ஐந்தரைக் கோணமானது.

அப்போதுதான் நினைவு வந்தது:
ஜப்பான்காரர்கள் எட்டு மில்லி போல்ட்டுக்குப்
பன்னிரண்டில் தலை வைப்பார்கள்.

ஜப்பான் எங்கள் தெருவில் ஓர் இடத்தில்தான் இருக்கிறது:
பெக்னுவின் வேலியோரம்,
இன்ஜின் இல்லாத டெலிகா. உள்ளே கோழிகள்.
அவனிடம் இப்போது இரண்டாவது டெலிகா ஓடுகிறது.
ஏழு பேர் உட்காரலாம். என் நிவாவில் மூன்று பேர்,
நான்காமவர் தன் முழங்காலைத் தின்ன வேண்டும்.
பயணிகள் யாரிடம் போவார்கள்?
அவனோடு பேசி மூன்று வருடமாகிறது.

வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன்.
"செத்த வண்டியிலிருந்து ஒரே ஒரு போல்ட்டா?
உனக்கு மரை கழன்றுவிட்டது" என்றான்.
பிறகு அவனே குனிந்து போனான்.
கோழிகள் கத்தின.
ரேடியேட்டர் தாங்கியிலிருந்து ஒன்றைக் கழற்றி
சட்டையில் துடைத்து,
விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான்.
கண்ணாடி முகமூடியைத் தேடி எடுத்தான்.
நட்டைப் பற்றவைக்கும் நீல வெளிச்சத்தில்
நாங்கள் இருவருமே தலையைத் திருப்பிக்கொள்ள
நல்ல காரணம் இருந்தது.
"திருப்பித் தா" என்றான், போல்ட்டைத் தரும்போது.

நுழைந்தது.
இரும்புக் குழாயை ஸ்பானரில் மாட்டி
முழு உடலையும் கொடுத்து இழுத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முறிவுச் சத்தம்,
என் தோளோ போல்ட்டோ என்று பயந்தேன்.
மூடி.

வெல்லப்பாகு போலக் கறுப்பாக இறங்கியது ஆயில்,
அழுகிய முட்டை வாசம், நடுநடுவே வெள்ளித் தூள்.
பல் தேய்ந்த தூள். அதிகமில்லை.
இந்தக் குளிர்காலம் தாங்கும்.

புது ஆயில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்.
கீழிருந்து மேலே ஏற்றப் பம்பு கிடையாது.
கால்நடை மருத்துவர் நார்கிஸாவிடம்
மாட்டுக்கு மருந்து புகட்டும் பீச்சாங்குழல் வாங்கி
பதினான்கு தடவை ஏற்றினேன்,
ஓட்டை விளிம்பில் வழியும்வரை.
மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன்.
மறுவாரம் ஒரு சினைப்பசு
மருந்தை அவள் முகத்திலேயே துப்பியதாம்.

போல்ட்டை இன்னும் திருப்பித் தரவில்லை.
வளைவில் எதிரே வரும்போது
பெக்னு இப்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்குகிறான்.
வணக்கமா, போல்ட்டைக் கேட்கிறானா, தெரியவில்லை.
நானும் தூக்குகிறேன்.